சுந்தராம்பாள் வீட்டுக் கீழ்ப் போர்ஷன்

திருப்பதி
16.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் காஞ்சனாவும் நன்றாக இருக்கிறோம். போன வாரம் நீ ஊருக்குத் திரும்பியபோது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா, முழங்கால் வீக்கம் வடிந்ததா என்று அவள் கேட்கச் சொன்னாள்.

நீ பார்த்துவிட்டுப் போன இடத்தைப் பற்றிச் சுந்தராம்பாள் அம்மாவிடம் பேசிவிட்டேன். கீழ்ப் போர்ஷனில் இப்போது இருப்பவர்கள் ஆவணியில் காலி செய்கிறார்கள். அந்த அம்மா மாடியில்தான் இருக்கிறார். உனக்கென்று தீபாவளி வரை வைத்திருப்பதாகச் சொன்னார். எங்கள் வாசலில் நின்றால் அந்தக் கதவு தெரியும். உன் பூட்டு, உன் சாவி. நீ கேட்டது அதுதானே.

இந்தத் தெருவில் குடிவர நினைப்பவர்களுக்கு நான் சொல்லுகிறதை உனக்கும் எழுதிவிடுகிறேன். தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள், காலை ஐந்தரைக்கு, நாற்பது நிமிடம் வரும். முதல் ஐந்து நிமிடம் கலங்கலாக இருக்கும், அதைப் பிடிக்கக் கூடாது. கதவைத் திறந்து போட்டுவிட்டு உள்ளே போனால் குரங்கு வந்துவிடும். பிரம்மோற்சவ நாட்களில் பெரிய சாலையைத் தாண்ட முடியாது, காய்கறியை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

குறை ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். தெருச் சாக்கடை. முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் வண்டி ஏற்றுவதற்காக அதன் மேல் சிமெண்டுச் சரிவு கட்டிக்கொண்டார்கள். ராம்ப் என்கிறார்கள். தெருமுனையில் சாக்கடை பெரிய கால்வாயில் சேரும் இடத்தில் யாரோ எப்போதோ ஒரு சின்னக் குழாயைப் புதைத்து மூடியிருக்கிறார்கள். அது அடைத்துக்கொண்டுவிட்டது. இரண்டு மணி நேரம் மழை பெய்தால் கீழ்ப் போர்ஷனில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். ஐப்பசி மழைக்கு முன் அந்தக் குழாயை எடுத்துப் பெரிதாகப் போட வேண்டும். அது நடக்காமல் உன்னை அங்கே குடிவைக்க மாட்டேன்.

ஏப்ரலில் என்னைத் தெருச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். வேறு யாரும் கை தூக்கவில்லை. முப்பத்தொரு வருடம் டிப்போவில் பஸ் போகும் நேரம் குறித்தவனுக்கு இதுவும் ஒரு வேலை.

உன் தம்பி,
ஹேமநாத்

*

நகரி
27.6.2025

தம்பி ஹேமநாத்துக்கு,

முழங்கால் பரவாயில்லை. நீயும் காஞ்சனாவும் வெயிலில் அலையாமல் இருங்கள்.

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். சாக்கடையை நினைத்து எனக்குப் பயமில்லை, இந்த வீட்டில் தனியாக இருப்பதுதான் பயம். போன வெள்ளிக்கிழமை மோட்டார் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். தொட்டி நிரம்பி அடுத்த வீட்டுச் சுவரில் வழிந்திருக்கிறது. அந்த வீட்டுச் செல்லியம்மா அரை மணி நேரம் கதவைத் தட்டினாளாம். கடைசியில் கொல்லைப் பக்கம் வந்து என் தோளைத் தொட்டாள். நான் அலறிவிட்டேன். காதை இருபத்தெட்டு வருடம் பவர்லூம் சத்தத்துக்குக் கொடுத்தேன், திருப்பித் தா என்றால் தருமா?

ஜெயபிரகாஷ் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறான். ஒரகடத்தில் மூன்றாவது மாடி, ஒரே அறை. மருமகள் நல்லவள். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனால் எட்டு மணி நேரம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உன் தெருவில் என்றால் ஜன்னல் வழியாக ஆட்களையாவது பார்ப்பேன். உன் வீட்டிலேயே இருக்கச் சொல்லாதே. காஞ்சனாவும் நானும் பக்கத்தில் இருந்தால் சினேகிதிகளாக இருப்போம்.

காது சர்டிபிகேட்டுக்குச் சித்தூர் முகாமில் பெயர் கொடுத்திருக்கிறேன். தேதி இன்னும் வரவில்லை. திருப்பதி பக்கத்தில் இருக்க, நாங்கள் சித்தூர் ஜில்லா என்பதால் அங்கேதான் போக வேண்டுமாம்.

மனு எழுதினால் ஒரு காப்பி வைத்துக்கொள்.

அக்கா,
அம்சவேணி

*

திருப்பதி
5.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை. காஞ்சனாவுக்குக் கால் பிசகி இப்போது சரியாகிவிட்டது. அதன் கதையும் இதில் வருகிறது.

சாக்கடைக்காக மாநகராட்சி ஆபீசின் குறைதீர்ப்பு நாளில், மூன்று திங்கட்கிழமைகள் மனு கொடுத்தேன். முதல் மனுவுக்கு, நேரில் பார்த்துச் சரிசெய்தாகிவிட்டது என்று என் ஃபோனுக்குச் செய்தி வந்தது. யாரும் வந்து பார்க்கவில்லை. இரண்டாவது மனு வேறு பிரிவுக்கு உரியது என்று மூடப்பட்டது. மூன்றாவது, ஏற்கெனவே கொடுத்த மனு என்று.

ஜூலை 27, ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சுந்தராம்பாள் அம்மா மொட்டை மாடியில் கூட்டம். முப்பத்திரண்டு வீட்டில் பத்தொன்பது பேர் வந்தார்கள். குப்பை வண்டி, தெரு நாய், எதிர்த் தெரு கல்யாண மண்டபத்தின் பாட்டுச் சத்தம் என்று ஐம்பது நிமிடம் போனபின் சாக்கடைக்கு வந்தோம். தெருமுனை வீடு முரளிதரனுடையது. அந்தச் சின்னக் குழாய் அவர் வீட்டு ராம்புக்கு அடியில் இருக்கிறது. அதை உடைத்தால்தான் வேலை நடக்கும் என்று சொன்னேன்.

அவர் எழுந்து நின்றார். "எல்லார் ராம்பையும் ஒடைங்க, அப்புறம் என்னுதுக்கு வாங்க. மொதல்ல என் வாசல்ல வந்து நிக்கிறீங்களே, நான் இன்னா இளிச்சவாயனா?"

மறுநாள் ஆள் வைத்து என் வீட்டு ராம்பை நானே உடைத்தேன். வழிகாட்டியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். யாரும் அந்த வழியில் வரவில்லை. இருட்டுவதற்குள் காஞ்சனா அந்தப் பள்ளத்தில் கால் வைத்துவிட்டாள். ஆனால் முரளிதரன் அதைப் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து அவரே வந்தார். ஆபீஸ்காரர்கள் பெரிய குழாய் போடுவதாக இருந்தால் தன் ராம்பை உடைக்கச் சம்மதம் என்றார். முதல் முறையாக மனுவில் கையெழுத்தும் போட்டார். இப்போது இருபத்தேழு கையெழுத்து.

நேற்று அந்த நான்காவது மனுவைக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண் என் நம்பரில் மூன்று மனு ஏறிவிட்டது, வேறு நம்பர் கொடுங்கள் என்றாள். காஞ்சனாவின் ஃபோன் கெட்டுக் கிடக்கிறது. பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். மனப்பாடமாகத் தெரிந்தது உன் நம்பர்தான், கொடுத்துவிட்டேன். ஏதாவது செய்தி வந்தால் அழிக்காமல் வைத்திரு. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இந்த முறை நடக்கும் என்று தோன்றுகிறது. பாத்திரங்களைக் கட்டத் தொடங்கலாம்.

உன் தம்பி,
ஹேமநாத்

*

நகரி
20.8.2025

தம்பிக்கு,

காஞ்சனாவின் காலுக்கு உப்பு ஒத்தடம் கொடு. சரியாகிவிட்டது என்று நீ சொல்வதை நம்ப மாட்டேன், அவள் ஒரு வரி எழுதட்டும்.

உன் கடிதம் வந்த அன்றே பெரிய அண்டாவையும் இரண்டு தவலையையும் செல்லியம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். கீழ்ப் போர்ஷன் அடுப்படியில் அவை அடங்காது. கட்டிலைக் கொண்டு வரலாமா? ஆறடி நீளம். அறையை அளந்து எழுது.

ஃபோனை இடுப்பிலேயே வைத்திருக்கிறேன். செய்தி ஒன்று வந்திருக்கிறது, தெலுங்கில். எனக்குப் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியுமே. நீ சொன்னபடி அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

போன வியாழக்கிழமை ஃபோன் அதிர்ந்தது. எனக்கு யார் பேசப்போகிறார்கள், காஸ் கம்பெனிதான். ஜெயபிரகாஷ் சொல்லிக்கொடுத்தபடி மனசுக்குள் பத்து எண்ணி 1 அழுத்தினேன். எப்போதும் அப்படித்தான் சிலிண்டர் பதிவு செய்வேன். ஆனால் ஒரு வாரம் ஆகப்போகிறது, சிலிண்டர் வரவில்லை. செல்லியம்மா வீட்டில் சோறு வடித்துக்கொள்கிறேன்.

கட்டில் அளவை மறக்காதே.

அம்சவேணி

*

திருப்பதி
24.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று பிரம்மோற்சவம் தொடங்கியது. தெருவில் வெளியூர் வண்டிகள் நிற்கின்றன. காஞ்சனா நன்றாக நடக்கிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? சிலிண்டர் வந்துவிட்டதா?

ஏழு வாரமாக எழுதவில்லை. எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை.

நான்காவது மனுவும் மூடப்பட்டுவிட்டது. வார்டு ஆபீசில் சுரேஷ்பாபு என்று ஒரு பையன் மரியாதையாகப் பேசுவான். அவனிடம் கேட்டேன். கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தான். ஏதோ கோளாறு என்றான். திரும்பத் திறக்க முடியாதாம், புதிதாகத்தான் கொடுக்க வேண்டுமாம். தெருவில் இருபத்தேழு பேரிடம் மறுபடியும் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதைச் சொன்னேன். முரளிதரன் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "ஆபீசுல போயி இன்னா பேசிக்கினு வந்தாரோ, யாருக்குத் தெரியும்?" மற்றவர்கள் மறுக்கவில்லை. செயலாளர் வேலையை விட்டுவிட்டேன். நோட்டுப் புத்தகத்தைச் சுந்தராம்பாள் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இனிக் காலையில் நிம்மதியாக நடக்கப் போகலாம்.

உன் ஃபோனில் வந்த செய்திகளை வைத்திருக்க வேண்டாம். அவற்றால் பயன் இல்லை. யாரிடமாவது கொடுத்து அழித்துவிடு. கட்டில் விஷயம் தீபாவளிக்குப் பிறகு பார்ப்போம்.

ஹேமநாத்

*

நகரி
6.10.2025

தம்பிக்கு,

சுகம். சிலிண்டர் வந்துவிட்டது, ஜெயபிரகாஷ் அங்கிருந்தே பதிவு செய்தான்.

நீ சொன்னபடி ஃபோனைச் செல்லியம்மாவிடம் கொடுத்தேன். அவள் தெலுங்கில் படித்தவள். எல்லாவற்றையும் அழித்துவிட்டாள்.

நீ செயலாளர் வேலையை விட்டிருக்க வேண்டாம்.

அம்சவேணி

*

திருப்பதி
29.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பக்கமும் நல்ல மழை என்று கேள்விப்பட்டேன். பின்பக்க ஓடு ஒழுகவில்லையே? பவர்லூம் கொட்டகைப் பக்கம் போகாதே, அங்கே தரை வழுக்கும்.

இங்கே 22ஆம் தேதி, புதன்கிழமை, காலை பதினொரு மணிக்குப் பிடித்த மழை மூன்று மணி வரை விடவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குத் தண்ணீர் கீழ்ப் போர்ஷன் வாசற்படியைத் தாண்டியது. இரண்டு மணிக்கு முழங்காலுக்குக் கீழே நான்கு விரல். வீடு காலியாக இருந்ததால் சேதம் இல்லை. சுந்தராம்பாள் அம்மா மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்த அரிசி மூட்டை மட்டும் நனைந்தது. நானும் இன்னும் இரண்டு பேரும் அதை மேலே ஏற்றினோம். முரளிதரனின் காருக்குள்ளும் தண்ணீர் போய்விட்டது. அவர் வாசலில் நின்று என் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆனது. சுவரில் கோடு அப்படியே நிற்கிறது.

இன்னொரு விஷயம். சுந்தராம்பாள் அம்மாவின் தம்பி மகனுக்கு இங்கே வேலை மாற்றலாம். கீழ்ப் போர்ஷன் அவனுக்கு வேண்டுமாம். சொந்தக்காரன், நாம் என்ன சொல்ல முடியும்? நீ ஜெயபிரகாஷிடம் போய் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன். மூன்றாவது மாடியில் தண்ணீர் ஏறாது.

காஞ்சனா பால் வாங்கப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டிருக்கிறாள். ஏழு மணிக்குப் போனால் எல்லோரும் நிற்பார்களாம். ஆறு மணிக்குப் போகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹேமநாத்

*

நகரி
10.11.2025

தம்பிக்கு,

ஓடு ஒழுகவில்லை. நீ சொல்வது சரி. ஜெயபிரகாஷிடமே போகிறேன்.

சுந்தராம்பாள் அம்மா வீட்டுக் கதவு எண் எனக்குத் தெரியாது. இத்தனை நாள் இடத்தை வைத்திருந்ததற்கு நன்றி சொல்லி ஒரு கார்டு போட வேண்டும். அனுப்பு.

அம்சவேணி

*

நகரி
24.11.2025

சுந்தராம்பாள் அம்மா அவர்களுக்கும், அந்தத் தெருவில் குடியிருக்கும் எல்லோருக்கும்,

அங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். என் பெயர் அம்சவேணி. ஹேமநாத்தின் அக்கா. ஜூன் மாதம் கீழ்ப் போர்ஷனைப் பார்க்க வந்தேனே, அந்தக் கிழவி. தமிழ் தெரியாதவர்களுக்கு யாராவது இதைத் தெலுங்கில் சொல்லுங்கள்.

ஆகஸ்டில் நீங்கள் கொடுத்த மனுவில் என் தம்பி என் ஃபோன் நம்பரைக் கொடுத்திருந்தான். எனக்குக் காது கேட்காது. 14ஆம் தேதி அந்த ஃபோனுக்கு ஒரு அழைப்பு வந்தது. நான் காஸ் கம்பெனி என்று நினைத்து 1 அழுத்தினேன். மனு கொடுத்தவருக்குத் திருப்திதானா, ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2 என்று அதில் கேட்பது வழக்கமாம். பிறகு வந்த செய்தியை என் அடுத்த வீட்டுக்காரி படித்துச் சொன்னாள். உங்கள் திருப்திக்கு நன்றி, மனு முடிந்தது என்று இருந்தது. அதை அழிக்கச் சொல்லித் தம்பி எழுதியிருந்தான். படிக்கச் சொன்னபின்தான் அழித்தேன்.

ஆக, உங்கள் சாக்கடை சரியாக இருக்கிறது என்று சொன்னவள் நான். ஹேமநாத் இல்லை. அவனுக்கு இது செப்டம்பரிலேயே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியக்கூடாது என்று உங்களிடமும் சொல்லவில்லை. சின்ன வயதில் நான் உடைத்த பொருளுக்கும் அவன்தான் நைனாவிடம் அடி வாங்குவான். இப்போது அவனுக்கு அறுபத்துநான்கு வயது. போதும்.

உங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நான் அங்கே குடிவரப் போவதில்லை, அதனால் இதை என்னை ஏற்றுக்கொள்ளச் சொல்லி எழுதியதாக நினைக்க வேண்டாம். அவனோடு பேசுங்கள்.

வணக்கத்துடன்,
க. அம்சவேணி

*

திருப்பதி
9.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதை என்னோடு சேர்ந்து தெருவே கேட்டுவிட்டது. உன்னைக் கோபித்துக்கொள்ள இரண்டு நாள் முயன்றேன், முடியவில்லை. காஞ்சனா அழுதாள், பிறகு நிறையச் சாப்பிட்டாள். நீ எப்படி இருக்கிறாய்?

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஞாயிறு, 7ஆம் தேதி, ஐந்து மணி. சாக்கடைக்காகவே கூட்டியிருந்தார்கள். சுந்தராம்பாள் அம்மா ஆள் அனுப்பி என்னையும் வரச் சொன்னார். இருபத்துமூன்று பேர். அந்த அம்மா எழுந்து நின்று உன் கடிதத்தைத் தமிழில் ஒரு முறை படித்தார், பிறகு தெலுங்கில் சொன்னார். தெலுங்கில் சொல்லும்போது நைனாவிடம் அடி வாங்கிய இடத்தை விட்டுவிட்டார். நல்லவர்.

பிறகு முரளிதரன் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"கை தவறி நான்தான் அழுத்திட்டேன்னு ஏன் சொன்னீங்கண்ணா? மூணு மாசமா உங்கள திட்டிக்கினு இருக்கேன். வீட்ல சொல்றேன், கடையில சொல்றேன். கார் மெக்கானிக்கு கிட்ட கூட சொன்னேன்."

"எங்கக்கா வந்து இருக்கப்போற தெரு," என்றேன். "வர்றதுக்கு முன்னாடியே அவங்க பேரு கெடணுமா?"

நான் மன்னிப்பை எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன். அவர் கேட்டது வேறு.

"சுத்தமா காது கேக்காதா அவங்களுக்கு?"

"சுத்தமா."

"அப்ப தண்ணி வந்தா எப்படித் தெரியும்? வால்வுக்காரன் விசில்தானே ஊதிக்கினு போறான்."

அவ்வளவுதான், அக்கா. அந்த இடத்தில் பிடித்துக்கொண்டார்கள். கரண்ட் வேலை தெரிந்த ஜெபகுமார், குழாயில் தண்ணீர் ஏறினால் எரிகிற மாதிரி ஜன்னலில் ஒரு பல்பு வைக்கலாம் என்றார். தண்ணீர் வரும் நேரத்தில் கரண்ட் போனால் என்ன செய்வாய் என்று இன்னொருவர் கேட்டார். சுந்தராம்பாள் அம்மா மாடியிலிருந்து தான் டார்ச் அடிப்பதாகச் சொன்னார். "நீங்களே ஆறு மணிக்குத்தான் எழுந்துக்கிறீங்க, பிந்தி எழுந்தா தண்ணி நிக்குமா?" என்று அவரை யாரோ மடக்கினார்கள். தண்ணீரை முதலில் குறித்த நேரத்துக்கு விடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும் என்றார் ஒருவர். மனு என்றதும் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். குரங்கு வந்தால், காலிங்பெல் அடித்தால், தபால்காரர் வந்தால் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சண்டை போட்டார்கள். பல்பு சிவப்பா பச்சையா என்பது முடிவாகவில்லை.

தம்பி மகன் என்று நான் எழுதியது பொய். சுந்தராம்பாள் அம்மாவுக்குத் தம்பியே கிடையாது. அவர் கீழ்ப் போர்ஷனைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறார். அறையை அளந்தேன். கட்டில் போட்டபின் நடக்க இரண்டடி மிச்சம் இருக்கும்.

ஆறரைக்குக் கூட்டம் முடிந்தது. படியில் இறங்கும்போதுதான் கவனித்தேன். சாக்கடையைப் பற்றி ஒருவர் கூட ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்ப மேலே போய் அவர்களைக் கூப்பிட எனக்குத் தெம்பு இல்லை. தை பிறக்கும்வரை மழையை நம்ப முடியாது. நீ என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?

உன் தம்பி,
ஹேமநாத்

*

நகரி
16.12.2025

தம்பிக்கு,

நன்றாக இருக்கிறேன். காஞ்சனாவை ஏழு மணிக்கே பால் வாங்கப் போகச் சொல்.

பல்பு எந்த நிறமாக இருந்தாலும் சரி. ஆனால் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள் என்பதற்காக வர மாட்டேன். ஆறு மாதத்துக்கு முன் நீ எழுதியதுதான் சரி. அந்தக் குழாயை எடுத்தபின் வருகிறேன். இதைத் தெருவில் சொல்லிவிடு.

சனிக்கிழமை சித்தூர் போய் வந்தேன், ஒருவழியாக முகாமில் தேதி கிடைத்தது. காலை ஆறு மணி பஸ். அங்கே டோக்கன் கொடுக்கிறவர் என்னிடம் ஏதோ சொன்னார். காதைக் காட்டிக் கை விரித்தேன். இன்னும் சத்தமாகச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவு சத்தம் போலிருக்கிறது. கடைசியில் என் பையிலிருந்த காகிதத்தை நீட்டினேன். வேண்டாவெறுப்பாக வாங்கி, எந்த அறை, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுத்தார். தமிழ் தெரியாதவர், படம் மாதிரி எண்களைப் போட்டார். அடுத்த அறையில் தமிழ் தெரிந்த ஒரு பெண் இருந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு வரச் சொல்கிறார்கள் என்று எழுதினாள். மத்தியானம் டாக்டர் இல்லை. நான் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். அவளே எழுதியது, நேரத்தோடு இருக்கிறது. என்ன சொல்வாள்? உள்ளே போய் வேறொரு டாக்டரைக் கூட்டி வந்தாள். என் முன்னால் நின்ற ஏழு பேரை வாயால் சொல்லியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் சர்டிபிகேட் வேலையை முடித்துக்கொண்டு நாலு மணி பஸ் பிடித்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். உங்களுக்கு நான்கு தடவையும் வாயாலும் ஃபோனாலும் பதில் சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்படிச் சொல்ல முடியாது.

வருகிற திங்கட்கிழமை, 22ஆம் தேதி, ஒன்பதரைக்குள் அந்த ஆபீசுக்கு வந்துவிடுவேன். மனுவை நீ எழுதி வை. முரளிதரனிடம் முதல் கையெழுத்து வாங்கு. தெலுங்கில் படித்துக் காட்டச் செல்லியம்மா கூட வருகிறாள், அவள் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். மேசையில் இருக்கிறவர் எந்தத் தேதிக்குள் குழாயை எடுப்பார் என்று எழுதித் தரும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. போகச் சொல்வார்கள். எனக்குத்தான் கேட்காதே.

நீ வாசலோடு நின்றுகொள். உள்ளே வந்தால் உன்னிடம் வாயால் சொல்லிவிடுவார்கள்.

உன் அக்கா,
அம்சவேணி